பழைய செயின் டிராக்டரின் பைனல் டிரைவ்: ஒழுகும் எண்ணெயை அலட்சியம் செய்யலாமா?

விளாத்திகுளம் வட்டாரத்தில் ஒரு கரிசல் காடு. நான்கு ஏக்கர். ஆறேழு வருஷம் தரிசாகக் கிடந்ததில் வேலிமரம் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, வரப்பு எது, ஓடை எது என்று தெரியாமல் மூடிவிட்டது. வைகாசி பிறந்ததும் நிலத்துக்காரர் கடன் வாங்கி ஒரு செயின் டிராக்டரை வாடகைக்கு அமர்த்தினார். மரத்தைத் தூரோடு பெயர்த்து, மேடு பள்ளம் நிரவி, வரப்பும் போட்டுவிட்டால் புரட்டாசி மழைக்கு உளுந்தும் கம்பும் விதைத்துவிடலாம் என்பது அவர் கணக்கு.

மூன்றாம் நாள் மாலை வரை வேலை ஒழுங்காக நடந்தது. இரண்டரை ஏக்கர் முடிந்துவிட்டது. அப்போது வண்டியின் இடது பக்கத்திலிருந்து 'கடக், கடக்' என்று சத்தம் வந்தது. செயினில் கல் மாட்டியிருக்கும் என்று நினைத்த டிரைவர் மேலும் அரை மணி நேரம் ஓட்டினார். சத்தம் நறநறவென்று மாறிய பிறகுதான் நிறுத்தினார்.

மறுநாள் காலை கோவில்பட்டியிலிருந்து ஒரு பழைய பிட்டர் வந்தார். புல்டோசர்களோடு முப்பது வருஷத்துக்கு மேல் பழகியவர். வந்தவர் எந்த ஸ்பானரையும் எடுக்கவில்லை. பின்புறப் பல்சக்கரத்தின் நடுவில் விரலை விட்டு வழித்துப் பார்த்தார். கறுப்பாகக் களிம்பு வந்தது.

"எத்தனை நாளா ஒழுகுது தம்பி?" என்று வண்டிக்காரரைக் கேட்டார்.

"போன கோடையில இருந்தே லேசாக் கசிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு அண்ணாச்சி. அப்பப்போ எண்ணெய் ஊத்திக்கிட்டு வந்தோம்."

"கடைசியா எப்போ ஊத்துனீங்க?"

வண்டிக்காரர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் வண்டியைப் பார்த்தார்.

பழைய செயின் டிராக்டர்களில் பைனல் டிரைவ் கெட்டுப்போகும் கதை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. இரும்பு தானாக உடைவது அபூர்வம். எண்ணெய் வெளியே போகிறது. அதே வழியில் மண் உள்ளே வருகிறது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு நடப்பவை.

சக்தி வரும் வழி

எஞ்சினில் பிறக்கும் சக்தி கிளட்ச், கியர் பெட்டி வழியாகப் பின்னால் வந்து, அங்கே இடம் வலம் என்று இரண்டாகப் பிரிகிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு ஸ்டீயரிங் கிளட்ச் உண்டு. ரப்பர் சக்கர டிராக்டரைப் போல முன் சக்கரத்தை ஒடித்துத் திருப்பும் வசதி இந்த வண்டிக்கு இல்லை. எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கத்துக் கிளட்சை விடுவித்து, தேவைப்பட்டால் பிரேக்கும் போட வேண்டும். அந்தக் கிளட்சைத் தாண்டி, செயினை இழுக்கும் பல்சக்கரத்துக்கு முன்னால் கடைசியாக நிற்பதுதான் பைனல் டிரைவ். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று.

அதன் உள்ளே பெரிய மர்மம் ஒன்றுமில்லை. ஒரு சிறிய பல்சக்கரம் ஒரு பெரிய பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. சில மாடல்களில் இப்படி ஒரு ஜோடி, சிலவற்றில் இரண்டு ஜோடி. சிறியதில் 12 பல்லும் பெரியதில் 60 பல்லும் இருப்பதாக வைத்துக்கொண்டால், சிறியது 5 சுற்று சுற்றினால் பெரியது 1 சுற்று சுற்றும். வேகம் ஐந்தில் ஒன்றாகக் குறையும். முறுக்கு விசை ஏறக்குறைய ஐந்து மடங்காகும். ஆகவே வண்டியில் உள்ள பல்சக்கரங்களிலேயே அதிகப் பளுவைத் தாங்குவது இதுதான். அதுவோ தரைக்கு மிக அருகில், சேற்றிலும் புழுதியிலும் புரளும் செயினுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

செயின் டிராக்டர் பிறந்ததே சேற்றுக்காகத்தான். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் ஸ்டாக்டன் நகரில் பெஞ்சமின் ஹோல்ட் என்பவர், சக்கர வண்டி புதைந்துபோகும் சதுப்பு நிலத்தில் ஓடுவதற்காக 1904ஆம் ஆண்டு நவம்பர் 24ந் தேதி இவ்வகை வண்டியை முதலில் ஓட்டிப் பார்த்தார். நம் நாட்டில் சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில், மத்திய இந்தியாவின் கரிசல் பூமியில் நாணல் இனக் களை மண்டிக் கிடந்த நிலங்களை ஆழ உழுது மீட்க மத்திய டிராக்டர் நிறுவனம் இவற்றைப் பயன்படுத்தியது. அந்த வேலைக்கான இயந்திரங்கள் வாங்க 1949ல் உலக வங்கி 1 கோடி டாலர் கடன் கொடுத்தது. 1964ல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனம் அமைந்த பிறகு நம் நாட்டிலேயே புல்டோசர்கள் தயாராயின. ஏலத்தில் எடுக்கப்பட்டு, கை மாறிக் கை மாறிக் கிராமங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டிகள் உண்டு. தோண்டும் வேலைகளை ஜே.சி.பி. எடுத்துக்கொண்டுவிட்டது. ஆனால் பரந்த நிலத்தை நிரவுவதற்கும், கெட்டித்துப்போன தரையைக் கீறிவிடுவதற்கும் செயின் வண்டியின் இழுவையும் சமமான அழுத்தமும் சக்கர வண்டிக்கு வருவதில்லை.

இரண்டு இடத்துக் கசிவு

பைனல் டிரைவில் எண்ணெய் கசியக்கூடிய இடங்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று வெளிப்புறம், பல்சக்கரத்தின் குடத்தை ஒட்டி. இது கண்ணுக்குத் தெரியும். ஈரத்தில் புழுதி ஒட்டிக் கறுத்துப் போயிருக்கும். மற்றொன்று உட்புறம், ஸ்டீயரிங் கிளட்ச் இருக்கும் அறையை நோக்கி. இது வெளியே தெரியாது. உலர்ந்த நிலையில் வேலை செய்யும் கிளட்ச் தட்டுகளில் எண்ணெய் பட்டால் அந்தப் பக்கம் வழுக்கும். பளு ஏற்றும்போது வண்டி தானாக ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனால் கிளட்ச் தேய்ந்துவிட்டது என்று மட்டும் முடிவு கட்டக்கூடாது. கிளட்ச் அறையின் அடியில் உள்ள வடிகால் அடைப்பைக் கழற்றினால் எண்ணெய் கொட்டுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இது தெரியாமல் புதுத் தட்டு மாற்றி, ஒரே மாதத்தில் அதையும் பாழாக்கியவர்கள் உண்டு.

சில மாடல்களில் உள்ளே சேரும் காற்று வெளியேற ஒரு சிறு துவாரம் இருக்கும். அது மண்ணால் அடைபட்டால், சூட்டில் உள்ளே அழுத்தம் கூடி, நல்ல சீல் வழியாகவே எண்ணெயைத் தள்ளிவிடும். ஆகவே கசிவைக் கண்டால் முதலில் ஒரு கம்பியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் கொண்டு இந்தத் துவாரத்தைச் சுத்தம் செய்து பார்ப்பது நலம். காசு செலவில்லாத வைத்தியம் இது ஒன்றுதான்.

கசிவை நிறுத்த கியர் எண்ணெய்க்குப் பதில் கிரீஸை அடைத்து ஓட்டும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. எண்ணெய் என்றால் பல்சக்கரம் சுற்றும்போது வாரி எறியப்பட்டு, வழிந்து மீண்டும் பேரிங்குகளுக்கு வந்து சேரும். கிரீஸ் அப்படி வராது. பல்சக்கரம் தன் பாதையில் உள்ளதை ஓரமாக ஒதுக்கிவிட்டு வறண்டு ஓடும். வெளியே கசிவு நின்றுவிடும். உள்ளே பேரிங் வெந்துகொண்டிருக்கும். விற்பனைக்கு வரும் பழைய வண்டியின் பைனல் டிரைவ் சொட்டு எண்ணெய்கூட இல்லாமல் மிகச் சுத்தமாக இருந்தால், அடைப்பைத் திறந்து விரல் விட்டுப் பார்க்கத் தவறக்கூடாது.

கழற்றும்போது உயிருக்கு ஆபத்து

கரிசல் காட்டில் நின்றுபோன வண்டியை அங்கேயே பிரிப்பது என்று முடிவாயிற்று. ஓட்டிக்கொண்டு போனால் உள்ளே உடைந்து கிடக்கும் துணுக்கு மீதியையும் தின்றுவிடும் என்று பிட்டர் சம்மதிக்கவில்லை. தென்மேற்குக் காற்று புழுதியை வாரி அடித்ததால் காற்று வரும் பக்கம் தார்ப்பாய் கட்டினார்கள். தண்ணீர் டிராக்டர் வைத்து வண்டியின் இடது பக்கத்தைக் கழுவினார்கள். கழுவவே அரை நாள் ஆயிற்று. வீண் வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். திறந்த பெட்டியில் விழும் ஒரு பிடி மண், அத்தனை செலவையும் வீணாக்கிவிடும்.

முதல் வேலை செயினைப் பிரிப்பது. செயினின் கண்ணிகளை இணைக்கும் பின்களில் ஒன்று மட்டும் கழற்றுவதற்கென்றே அடையாளத்தோடு இருக்கும். செயினைத் தளர்த்திவிட்டு அதை அடித்து எடுக்க வேண்டும். இந்த இடத்தில் கவனம் தேவை. செயினை விறைப்பாக வைக்கும் பெரிய ஸ்பிரிங் பல டன் அழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்கிறது. அந்த ஸ்பிரிங் கூட்டைக் காட்டில் வைத்து ஒருபோதும் பிரிக்கக்கூடாது. கிரீஸ் அடித்து விறைப்பேற்றும் வகை வண்டியானால், அந்த வால்வைத் தளர்த்தும்போது ஒரு சுற்றுக்கு மேல் திருப்பக்கூடாது. முகத்தையும் உடம்பையும் அதற்கு நேராக வைக்கக்கூடாது. உள்ளிருந்து பீறிடும் கிரீஸ் தோலைத் துளைத்துவிடும். பின் கழன்றதும் செயின் சரிந்து விழும் பக்கத்தில் கால் இருக்கக்கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் விபத்துகள் அங்கேதான் நடக்கின்றன.

அடுத்தது வண்டியைத் தூக்குவது. சிறிய பழைய செயின் டிராக்டரே 3 டன் முதல் 5 டன் வரை இருக்கும். நிலம் நிரவும் புல்டோசர் 10 டன்னையும் தாண்டும். கரிசல் மண்ணில் ஜாக்கியை நேரே வைத்தால் அது மண்ணுக்குள் இறங்கும். அடியில் ரயில்வே கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அதன் மேல் ஜாக்கி வைத்துத் தூக்கி, பிறகு வண்டியின் உடலுக்கு அடியில் தனியாகக் கட்டை அடுக்கி அதன் மேல் இறக்கி உட்கார வைக்க வேண்டும். ஜாக்கியின் மேல் நிற்கும் வண்டிக்கு அடியில் கை நுழையக்கூடாது. மண்வெட்டிப் பலகையையும் தரையில் இறக்கிவிட வேண்டும்.

மூன்றாவது, பல்சக்கரத்தை அதன் தண்டிலிருந்து இழுப்பது. இந்தச் சக்கரம் சரிவான பொருத்தில் பெரும் அழுத்தம் கொடுத்து ஏற்றப்பட்டிருக்கும். சம்மட்டியால் அடித்து வராது. அடித்தால் பேரிங்தான் உடையும். ஹைட்ராலிக் இழுவான் வாடகைக்குக் கிடைக்கிறது. 20, 30 டன் அழுத்தம் ஏறிய பிறகும் சக்கரம் அசையாமல் நின்று, திடீரென்று வெடிச் சத்தத்தோடு விடும். அதனால்தான் தண்டின் முனையிலுள்ள பெரிய நட்டைத் தளர்த்திவிட்டு, முழுவதும் கழற்றாமல் சில மரை விட்டு வைக்க வேண்டும். விட்ட சக்கரம் அந்த நட்டில் முட்டி நிற்கும். நட்டு இல்லாவிட்டால் எதிரே நிற்பவர் மேல் பாயும். இந்த வண்டியில் சக்கரம் விட்டபோது காட்டின் மறுகோடியில் மேய்ந்த ஆடுகள் மிரண்டு ஓடின. நட்டு இருந்ததால் சக்கரம் அரை அங்குலம்தான் நகர்ந்தது.

உள்ளே கண்டது

சக்கரம் வெளியே வந்ததும் நோயின் காரணம் தெரிந்துவிட்டது. குடத்தைச் சுற்றி இரண்டு முழம் வேலிக் கம்பியும், அதோடு முறுக்கிக்கொண்ட நைலான் கயிறும் இறுகிக் கிடந்தன. பழைய வேலி இருந்த நிலத்தில் எப்போதோ சுற்றிக்கொண்ட கம்பி, சுற்றச் சுற்றச் சீலின் விளிம்பை அறுத்திருக்கிறது. அன்றைக்கே ஒரு குறட்டால் பிடித்து இழுத்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை.

அடைப்பைத் திறந்து எண்ணெயை வடித்தார்கள். எண்ணெய் வடியும்போது கவனித்துப் பார்க்க வேண்டும். முதலில் தண்ணீர் வந்தால் சீல் வழியாக வெளித் தண்ணீர் போயிருக்கிறது. எண்ணெய் பால் போல வெளுத்திருந்தாலும் அதே பொருள். காந்தத்தில் வெள்ளிச் சாந்து போல மென்மையாக ஒட்டினால் அது வழக்கமான தேய்மானம். துணுக்காக, செதிலாக வந்தால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது. இந்த வண்டியில் வந்தது கால் படி அளவு கறுப்புச் சேறு. அதிலே பேரிங் உருளையின் துண்டுகள் இரண்டு.

சிறிய பல்சக்கரத்தின் வெளிப் பேரிங் நீலம் பாரித்து உடைந்திருந்தது. நீலம் பாரித்த பேரிங் சூட்டில் பதம் இழந்தது. பார்வைக்கு முழுதாக இருந்தாலும் மறுபடி போடக்கூடாது. பேரிங் போனதால் சிறிய சக்கரம் சாய்ந்து ஓடி, அதன் மூன்று பற்களின் முனை தெறித்திருந்தது. பெரிய பல்சக்கரத்துக்கு வெளிப்பார்வையில் பழுது தெரியவில்லை. ஆனாலும் பார்வையை மட்டும் நம்ப முடியாது. பிட்டர் அதை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்துக் காய வைத்து, மேலே சுண்ணாம்புக் குழம்பைப் பூசி உலர்த்தினார். பிறகு மரச் சுத்தியால் லேசாகத் தட்டினார். வெடிப்பு இருந்தால் அதற்குள் புகுந்த மண்ணெண்ணெய் வெளியே கசிந்து வெள்ளைச் சுண்ணாம்பில் கோடாகத் தெரியும். கோடு விழவில்லை.

"சின்னச் சக்கரத்துப் பல்லை வெல்டிங் வச்சுத் தேய்ச்சுக்கலாமே அண்ணாச்சி? புதுசு வாங்குற காசு மிச்சமாகும்" என்றார் வண்டிக்காரர்.

"வச்சுக்கலாம் தம்பி. ஒரு வாரம் ஓடும். அப்புறம் அந்தப் பல்லு தெறிச்சுப் பெரிய சக்கரத்துக்குள்ள போய் விழும். இப்போ ஒண்ணு போச்சு. அப்போ ரெண்டும் போகும்."

இந்தப் பல்சக்கரங்கள் மேல் தோல் மட்டும் கடினமாகப் பதம் ஏற்றப்பட்டவை. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். வெளியே செயினை இழுக்கும் பல்சக்கரத்தின் கதை வேறு. அதன் தேய்ந்த பற்களை வெல்டிங் வைத்து உயர்த்துவதும், பல் வளையத்தை வெட்டி எடுத்துப் புது வளையம் பற்ற வைப்பதும் பட்டறைகளில் நடக்கும் நல்ல வேலைகள்தான்.

சிறிய சக்கரத்தைப் புதிதாகப் போட்டால் பெரியதையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்பது புத்தக விதி. ஒன்றாகத் தேய்ந்தவை ஒன்றாகப் போக வேண்டும் என்பது அதன் நியாயம். ஆனால் வருஷத்துக்குச் சில நூறு மணி நேரமே ஓடும் பழைய வாடகை வண்டிக்கு அவ்வளவு செலவு கட்டாது. பெரிய சக்கரத்தின் பல் மீது நகத்தை மேலிருந்து கீழாக இழுத்துப் பார்க்க வேண்டும். படி போல நகம் தடுக்கினால் அதையும் மாற்றத்தான் வேண்டும். வழவழப்பாக ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் சில வருஷம் ஓட்டலாம். தொடக்கத்தில் சற்றுச் சத்தம் இருக்கும். இங்கே நகம் தடுக்கவில்லை.

வண்டி முன்னே போகும்போதுதான் அதிகப் பளு என்பதால் செயின் சக்கரத்தின் பற்கள் ஒரு பக்கமே தேய்ந்து கொக்கி போல ஆகும். பல பழைய மாடல்களில் இடது சக்கரத்தை வலது பக்கமும், வலது சக்கரத்தை இடது பக்கமும் மாற்றிப் போட்டால் தேயாத முகம் வேலைக்கு வந்துவிடும். வலது பக்கத்தையும் பிரிக்க நேரும் நாளில் இதைச் செய்துகொள்ளலாம்.

சீல் பொருத்துவதில் பொறுமை

உதிரி பாகங்கள் வந்து சேர மூன்று நாள் ஆயிற்று. பேரிங்குகளும் சீல்களும் புதியவை. சிறிய பல்சக்கரம் உடைப்புக்கு விற்ற வேறொரு வண்டியிலிருந்து எடுத்தது. அதற்கும் சுண்ணாம்புச் சோதனை நடந்தது.

பழைய வண்டிகளில் சில, துருத்தி போல மடிப்பு மடிப்பான சீல் கொண்டவை. மற்றவற்றில் கண்ணாடி போல மெருகேற்றிய இரண்டு இரும்பு வளையங்கள் ஒன்றை ஒன்று முகத்தோடு முகம் தொட்டுச் சுற்றும். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு தடித்த ரப்பர் வளையம் அதை அழுத்திப் பிடித்திருக்கும். இந்த இரும்பு வளையங்கள் ஜோடியாகத் தேய்ந்து பழகுபவை. ஒரு வளையம் நன்றாக இருக்கிறதென்று அதை வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் மாற்றினால் மறுபடி கசியும்.

பொருத்தும்போது ரப்பர் வளையமும் அது உட்காரும் குழியும் எண்ணெய்ப் பிசுக்கே இல்லாமல் உலர்ந்திருக்க வேண்டும். சுலபமாக நுழையட்டும் என்று ரப்பரில் எண்ணெய் தடவுவதே பெரும்பாலோர் செய்யும் தவறு. எண்ணெய் பட்ட ரப்பர் பிடிப்பிழந்து வழுக்கும். வளையம் கோணலாக உட்காரும். இரும்பு வளையங்கள் ஒன்றையொன்று தொடும் முகத்தில் மட்டும் சுத்தமான விரலால் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும். பிட்டர் அந்த வேலைக்கு முன் சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினார். துடைக்கப் பழைய துணிக்குப் பதில் நூல் உதிராத புதுத் துண்டு கேட்டார். சமையலுக்குக்கூட இவ்வளவு சுத்தம் பார்ப்பதில்லை என்று டிரைவர் சிரித்தார்.

அதற்கு முன்பே தண்டு நேராக இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்த்தாகிவிட்டது. பாறையிலோ கட்டையிலோ ஏறி இறங்கி வளைந்துபோன தண்டில் எத்தனை சீல் மாற்றினாலும் ஒழுகத்தான் செய்யும்.

கூம்பு வடிவ உருளைப் பேரிங்குகளுக்கு ஒரு குறிப்பிட்ட இறுக்கம் வேண்டும். தளர்ந்திருந்தால் சக்கரம் ஆடும். அதிகம் இறுக்கினால் பேரிங் வேகும். இதைக் கைத்திட்டமாகச் செய்யக்கூடாது. குடத்தில் கயிற்றைச் சுற்றி, கயிற்று நுனியில் ஸ்பிரிங் தராசை மாட்டி, நிதானமாக இழுக்கும்போது எத்தனை கிலோ காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். அந்த மாடலின் கைப்புத்தகத்தில் சொன்ன அளவு வரும்வரை மெல்லிய ஷிம் தகடுகளைக் கூட்டியோ குறைத்தோ, அல்லது நட்டைத் திருகியோ சரி செய்ய வேண்டும். புத்தகம் இல்லாத வண்டி ஆண்டவன் விட்ட வழி. ஏலத்தில் வண்டி எடுப்பவர்கள் பேட்டரியைப் பார்ப்பதற்கு முன் புத்தகத்தைக் கேட்டு வாங்குவது நல்லது.

பிரிக்க, கழுவ, பொருத்த ஐந்து நாள். காத்திருந்தது மூன்று நாள். எட்டு நாளும் நிலத்துக்காரர் காலையில் வந்து வரப்பில் உட்கார்ந்துவிட்டு மாலையில்தான் போனார். கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருந்தது. பிட்டரை அவசரப்படுத்தி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வாடகைக்கு எடுப்பவர் கவனத்துக்கு

சிறு விவசாயிகளில் செயின் டிராக்டர் சொந்தமாக வைத்திருப்பவர் மிகச் சிலர். வாடகைக்கு எடுப்பவரே அதிகம். வேளாண்மைப் பொறியியல் துறை புல்டோசர்களை மணிக் கணக்கில் வாடகைக்கு விடுகிறது. வட்டார அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளலாம். தனியார் வண்டியை அமர்த்துவதானால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

பின்புறப் பல்சக்கரத்தின் குடம் ஈரமாக, கறுத்துப் போயிருக்கிறதா? பற்கள் கொக்கி போல வளைந்து கூராகிவிட்டனவா? செயின் வீணைத் தந்தி போல விறைத்து நிற்கிறதா? மேலே உள்ள உருளைக்கும் முன் சக்கரத்துக்கும் நடுவில் செயின் சிறிது தொய்ந்திருக்க வேண்டும். சிறிய பழைய வண்டிகளுக்கு 1 முதல் 1½ அங்குலத் தொய்வு சரியான அளவு. அதைவிட விறைத்தால் முழு இழுப்பும் பைனல் டிரைவ் பேரிங்கில்தான் விழும். ஈரக் கரிசலில் பல்சக்கரத்தின் பல் இடுக்குகளில் மண் அப்பிக்கொண்டு செயின் தானாகவே விறைக்கும். மழைக்குப் பின் வேலை செய்யும்போது தொய்வைச் சற்றுக் கூட்டி வைக்க வேண்டும். மாலையில் வண்டியை நிறுத்தியதும் ஈரம் காய்வதற்குள் மண்ணைச் சுரண்டிவிட வேண்டும். வண்டியை முன்னும் பின்னும் இருபது அடி ஓட்டச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்பதும் அவசியம். சீரான இரைச்சல் கவலையில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டு விழுந்தால் அது நல்லதல்ல.

பழுதாகி நிற்கும் நேரத்துக்கும், எஞ்சின் சும்மா ஓடும் நேரத்துக்கும் வாடகை கிடையாது என்று முன்பே நான்கு பேர் முன்னிலையில் பேசிக்கொள்ள வேண்டும். மீட்டர் உள்ள வண்டியானால் காலையிலும் மாலையிலும் எண்ணைக் குறித்துக் கொள்ளலாம். வேலியும் முள்கம்பியும் கிடந்த நிலமானால் வண்டி இறங்குவதற்கு முன் கம்பியைப் பொறுக்கி எடுத்துவிடுவது நிலத்துக்காரர் பொறுப்பு. இந்தக் காட்டில் அப்படிப் பேச்சு எதுவும் இல்லை. வண்டிக்காரர் தாமாகவே எட்டு நாளுக்கும் ஒரு மணிகூடக் கணக்கில் சேர்க்கவில்லை. எல்லாரும் அப்படி இருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

மறுபடி ஓடிய வண்டி

ஒன்பதாம் நாள் காலை 140ஆம் நம்பர் கியர் எண்ணெயை மட்ட அடைப்பின் விளிம்பு வரை ஊற்றினார்கள். மாடலையும் தட்பவெப்பத்தையும் பொறுத்து 90ஆம் நம்பரும் சொல்லப்படுகிறது. புத்தகம் சொல்வதே முடிவு. முதல் ஒரு மணி நேரம் பளு இல்லாமல் முதல் கியரில் மட்டும் ஓட்டச் சொன்ன பிட்டர், பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே கூட நடந்தார். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கை வைக்க முடியாமல் சுட்டால் பேரிங் இறுக்கம் அதிகம் என்று பொருள். சுடவில்லை.

"பத்து மணி நேரம் ஓடுனதும் மட்டம் பாரு. ஐம்பது ஆனதும் எண்ணெயைப் பூரா வடிச்சுட்டுப் புதுசு ஊத்து. புதுப் பல்லு தேய்ஞ்சு பழகுறப்ப இரும்புப் பொடி விழும்; அதைக் கிடக்க விடக்கூடாது" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறினார்.

மீதி ஒன்றரை ஏக்கர் இரண்டு நாளில் முடிந்தது. ஆனி கடைசியில், வேறு ஊரில் வேலை செய்துகொண்டிருந்தபோது டிரைவர் அந்த ஐம்பது மணி எண்ணெயை வடித்தார். காந்தத்தில் ஒட்டியது மிளகளவு வெள்ளிச் சாந்து. துணுக்கு எதுவும் இல்லை. வலது பக்கக் குடத்தைத் துணியால் துடைத்தபோது லேசான ஈரம் தெரிந்தது. அன்று மாலையே கோவில்பட்டிக்குப் போன் போட்டார்.